போர் நினைவுச் சின்னத்தை நானே எடுத்த போட்டோவை போட்டிக்கு அனுப்பினா காப்பிரைட் பிரச்னை வருமா?

எந்த நாட்டு மெமோரியல்னு நீங்க சொல்லலையே, அதை வச்சுத்தான் பதிலே இருக்கு. கேமரா என்னுது, கிளிக் பண்ணது நான், அப்புறம் எவன் கேப்பான்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். ஆனா போட்டோ நம்மளோடதா இருந்தாலும் அதுக்குள்ள தெரியுற சிலை செஞ்சவரோடது, அந்த உரிமை தனியா நிக்கும்.

வாஷிங்டன்ல கொரியப் போர் நினைவிடம் இருக்குல்ல, 19 ஸ்டீல் சோல்ஜர் சிலைங்க நடந்து வர்ற மாதிரி, அதை 1996ல பனி கொட்டிக் கிடந்தப்ப ஒரு அமெச்சூர் போட்டோகிராஃபர் எடுத்தாரு, அந்தப் போர்ல இருந்த அவரோட அப்பாவுக்கு ரிடையர்மென்ட் கிஃப்டா கொடுக்கணும்னு. பின்னாடி அமெரிக்க தபால்துறை அவருக்கு 1,500 டாலர் கொடுத்து அந்தப் படத்தை 37 சென்ட் ஸ்டாம்பா போட்டுச்சு. சிலை செஞ்ச ஃபிராங்க் கேலார்டை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவர் கேஸ் போட்டாரு. கீழ்க்கோர்ட் முதல்ல இது நியாயமான பயன்பாடுதான், அனுமதி தேவையில்லன்னு சொல்லிடுச்சு, 2010ல மேல்கோர்ட் இல்லன்னுச்சு, அப்புறம் நஷ்டஈடு 5,000 டாலர் போதும்னாங்க, திரும்ப அப்பீல், கடைசியில 2013ல கிட்டத்தட்ட 6.85 லட்சம் டாலர்! அங்க பொது இடத்துல இருக்கிற கட்டடத்தை எடுத்தா சட்டம் விட்டுடும், சிலைக்கு அந்த சலுகை கிடையாது. இது கட்டடம் மாதிரிதானேன்னு அரசாங்கம் வாதாடியும் எடுபடல.

நம்ம ஊர்ல அவ்ளோ தலைவலி இல்ல. 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல கட்டடத்தையும், பொது இடத்துல நிரந்தரமா இருக்கிற சிலையையும் போட்டோ எடுக்கலாம், வெளியிடலாம்னு தெளிவாவே இருக்கு. ஆனா சுவர்ல வரைஞ்ச பெயின்டிங் அதுல வராது, அதனால பெயின்டிங்கையே குளோசப்ல எடுத்து அனுப்பாதீங்க, கல்லுல செதுக்கின, சமீபத்துல எழுதின கவிதைக்கும் அதே கதைதான். இந்தியா கேட் பிரச்னையே இல்ல, அதை டிசைன் பண்ண லட்யன்ஸ் 1944லயே போயிட்டாரு, நம்ம சட்டப்படி இறந்து 60 வருஷம்தான் காப்பிரைட்.

எனக்கு அடி விழுந்தது காப்பிரைட்ல இல்லைங்க, தகுதியில. டெல்லி தேசிய போர் நினைவிடத்துல (டிசைன் பண்ணவர் சென்னைக்காரர் யோகேஷ் சந்திரஹாசன், அந்தப் பெருமையிலயே போனேன்) சாயங்கால வெளிச்சத்துல எடுத்த படம், இன்னைக்கும் எனக்குப் பிடிச்ச படம் அது, ஒரு போட்டியில ரிஜெக்ட். காரணம், தொல்லியல் துறை பட்டியல்ல இருக்கிற சின்னம் மட்டும்தான் செல்லுமாம். அந்தப் பட்டியலுக்கு சட்டப்படி குறைஞ்சது 100 வருஷம் பழசா இருக்கணும், இது திறந்ததே 2019 பிப்ரவரி. ரூல்ஸ்ல முதல் வரியிலயே இருந்துச்சு, நான் பரிசுத் தொகையை மட்டும் படிச்சிருக்கேன்.

விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ் (விக்கிப்பீடியாக்காரங்க நடத்துற நினைவுச் சின்ன போட்டோ போட்டி) மாதிரி போட்டின்னா இன்னொன்னு, படத்தை யார் வேணா வியாபாரத்துக்கும் யூஸ் பண்ணலாம்ங்கிற லைசென்ஸ்லதான் ஏத்தணும், அதனால "நான் காசு பாக்கலையே"ங்கிற சாக்கு அங்க செல்லாது, அமெரிக்கா போனப்ப எடுத்த புது சிலை படம்னா டெலிட் பண்ணிடுவாங்க. மத்தபடி படம் பழசா இருந்தா பரவால்ல, எப்ப எடுத்தாலும் ஓகே, போட்டி மாசத்துல ஏத்தினா போதும்.