பனிப்பூ ஃப்ரேம் கிழிகிறது, தபாலில் கூடுதல் கட்டணம் வேறு. மெஷினை மாற்ற வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். உலோக அச்சை (டை) அழுத்திக் காகிதத்தில் வடிவம் வெட்டும், கையால் சுற்றும் சிறிய டை கட்டிங் மெஷின் ஒன்று வைத்துக்கொண்டு, பனிப்பூ வெட்டிய ஃப்ரேம்களை அடுக்கி ஒட்டிக் குளிர்கால வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். மெல்லிய கிளைகள் டையிலேயே சிக்கிக் கிழிகின்றன. நடுவில் சில இடம் வெட்டுப்படுவதே இல்லை. கடைக்காரர் மின்சார மெஷின் வாங்கச் சொல்கிறார். போன டிசம்பரில் என் அட்டை கிடைத்தவர்களில் சிலர் தபாலுக்குப் பணம் கட்டி வாங்க வேண்டியதாகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்தக் கடைக்காரர் பக்கம் போகாதீர்கள். நீங்கள் சொல்லும் எந்தக் குறைக்கும் புது மெஷின் மருந்தல்ல. டிசம்பர் நெருங்கினால் போதும், ஆரம்பப் பை, முழுத் தொகுப்பு, இன்று மட்டும் தள்ளுபடி என்று ஆரம்பித்துவிடுவார்கள். மின்சார மெஷின் தனி உலகம். அதற்கு மென்பொருள் கற்க வேண்டும், பசைப் பாய் வாங்க வேண்டும், பிளேடு மாற்ற வேண்டும், படங்கள் முழுவதும் வேண்டுமென்றால் மாதச் சந்தாவும் உண்டு. சொந்தமாக வடிவம் வரைபவர்களுக்கு அது சரி. முப்பது நாற்பது அட்டை செய்கிற வீட்டுக்குத் தேவையில்லை.

கிழிவதற்குப் பெரும்பாலும் காகிதமே காரணம். மலிவான கட்டுகளில் வரும் பஞ்சு போன்ற அட்டையை டை வெட்டினால் ஓரமெல்லாம் ரோமம் நிற்கும், மெல்லிய கிளை கையோடு வந்துவிடும். இழை நெருக்கமான, மேற்பரப்பு வழவழப்பான அட்டையாக எடுங்கள். அடி அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற காகித எடை), பனிப்பூ ஃப்ரேமுக்கு 160 முதல் 220 வரை போதும். கனம் கூடினால் உறுதி கூடும் என்று நினைத்துத்தான் பலரும் டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சிக்கிக்கொள்வதற்குச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. டைக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு துண்டு மெழுகுத் தாள் வையுங்கள், வெட்டியது வழுக்கிக்கொண்டு வரும். அதுவும் மக்கர் பண்ணினால், டையின் முதுகில் குட்டிக் குட்டித் துளைகள் இருக்கும் பாருங்கள், அவற்றில் ஊசியால் மெதுவாகக் குத்துங்கள். கிளையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

நடுவில் வெட்டுப்படாததற்குக் காரணம் வளைந்த பிளேட், அதாவது டையையும் காகிதத்தையும் நடுவே வைத்து ஓட்டும் தட்டு. ஒரே பக்கமாக ஓட்டி ஓட்டி அது அப்பளம் போல வளைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் புரட்டிப் போடுங்கள், திசையையும் மாற்றுங்கள். அப்புறமும் வெட்டாவிட்டால் பிளேட்டுக்கு அடியில் ஒரு சாதாரணத் தாள் வைத்து ஓட்டுங்கள். தேவைப்பட்டால் இன்னொன்று. கைப்பிடி முக்கினால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் போய்விடும். செவ்வக ஃப்ரேமை நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். நீளமான விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மோதாது.

பசை பற்றி ஒரே வார்த்தை: தண்ணீர்ப் பசை வேண்டாம், அட்டை சுருளும். இருபக்கப் பசைத் தாளைக் காகிதத்தின் பின்னால் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு வெட்டுங்கள். ஃப்ரேம் முழுவதும் ஸ்டிக்கராகவே வெளியே வரும்.

சரி, தபாலுக்கு வருவோம். உங்கள் பணம் வீணாவது இங்கேதான். பிரிட்டனின் தபால் நிறுவனமான ராயல் மெயிலில் சாதாரண லெட்டர் என்றால் 240 × 165 மில்லிமீட்டர், கனம் 5 மில்லிமீட்டர், எடை 100 கிராம். இதில் ஒன்று மீறினாலும் லார்ஜ் லெட்டர், கட்டணமும் வேறு. உங்கள் அட்டையைக் கணக்குப் போடுங்கள். மடித்த அடி அட்டை கிட்டத்தட்ட 0.8. இரண்டு ஃப்ரேம் சேர்ந்து அரை மில்லிமீட்டர். நடுவே 2 மில்லிமீட்டர் ஃபோம் டேப் இரண்டு அடுக்கு, அது 4. கவரைச் சேர்க்காமலேயே 5.3 ஆகிவிட்டது. 1 மில்லிமீட்டர் டேப்புக்கு மாறுங்கள், கவரோடு சேர்த்தும் நாலுக்குள் அடங்கும். டேப்பை மூலைகளில் மட்டும் ஒட்டாமல் விளிம்பு முழுவதும் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே விழும் மற்ற தபால்களின் பாரத்தில் நடுப்பகுதி குழிந்துவிடும். ஒரு கனமான அட்டையில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளப் பிளவு வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவரையும் அதில் நுழைத்துப் பாருங்கள். தள்ளினால்தான் போகிறது என்றால் அது லார்ஜ் லெட்டர்.

1840க்கு முன்பு இங்கே கடிதத்துக்குப் பெறுபவர்தான் பெரும்பாலும் பணம் கட்டினார். அந்தத் தொல்லையை ஒழிக்க வந்ததுதான், அனுப்புபவரே முன்கூட்டி ஒரு பென்னி கட்டிவிடும் ஒரு பென்னித் தபால். அதற்காக உழைத்த ஹென்றி கோல்தான் 1843இல் முதல் கிறிஸ்துமஸ் அட்டையையும் அச்சிட்டு விற்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அரை மில்லிமீட்டர் கூடினால் வாழ்த்து வாங்கியவர் கையில்தான் பில்லை நீட்டுகிறார்கள். அனுப்பியவருக்கு ஒரு தகவல்கூட வராது. என்ன நிர்வாகமோ!

கனம் சரியாக இருந்தும் பணம் கேட்டிருந்தால் ஸ்டாம்ப்பைச் சந்தேகப்படுங்கள். சமூக ஊடகத்திலும் ஆன்லைன் சந்தையிலும் பாதி விலைக்கு முதல் வகுப்பு ஸ்டாம்ப் என்று விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள், தெரிந்தவரின் தெரிந்தவர் என்றாலும் வாங்காதீர்கள். போலி ஸ்டாம்ப் ஏராளமாகச் சுற்றுகிறது. யாரும் ஸ்டாம்ப்பைப் பாதி விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். தபால் அலுவலகத்திலோ பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ வாங்குங்கள்.

பழைய ஸ்டாம்ப்பை ஒட்டினீர்களா என்றும் பாருங்கள். ராணியின் தலை மட்டும் இருக்கும், பக்கத்தில் பார்கோடு இல்லாத சாதாரண ஸ்டாம்ப் 2023 ஜூலை 31க்குப் பிறகு செல்லாது. ஆனால் படம் போட்ட சிறப்பு ஸ்டாம்ப்புகள், கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் உட்பட, பார்கோடு இல்லாவிட்டாலும் செல்லும். இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் திரும்பச் சொல்கிறேன்: வெறும் தலை, பார்கோடு இல்லை என்றால் செல்லாது. மாட்டுத் தொழுவம், தேவதை, பனிமனிதன் என்று படம் இருந்தால் பார்கோடு இல்லாமலும் செல்லும். கிறிஸ்துமஸ் படத்திலும் ஓரத்தில் ராணியின் சிறிய தலை இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்லாததையும் குப்பையில் போட வேண்டாம், ராயல் மெயிலுக்கு அனுப்பினால் பார்கோடு உள்ளதாக மாற்றித் தருகிறார்கள்.

சதுர அட்டை செய்கிற எண்ணம் இருந்தால் 6 அங்குலத்தோடு நின்றுகொள்ளுங்கள். அதன் கவர் 165க்குள் அடங்கிவிடும். 7 அங்குலம் என்றால் அட்டையே 178 மில்லிமீட்டர், எவ்வளவு மெல்லியதாகச் செய்தாலும் லார்ஜ் லெட்டர்தான்.