அமெரிக்கச் சிறுநகர மன்றத்தில் பத்துத் தீர்மானங்கள் ஒரே ஓட்டில் எப்படி நிறைவேறுகின்றன?

பாராட்டுப் பத்திரம் கொடுக்க அரை மணி நேரம், பணம் சம்பந்தப்பட்ட பத்து விஷயங்களுக்கு ஒரே நிமிடம், இது மோசடி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எனக்குத் தெரிந்த கலிபோர்னியா நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் பத்தும் இருப்பது 'கன்சென்ட் காலண்டர்' என்ற தொகுப்பில். போன கூட்டத்தின் குறிப்பு, செலுத்திய பில்களின் பட்டியல், ஏற்கெனவே பேசி முடித்த ஒப்பந்தம் என்று சர்ச்சை வராதவற்றை அதில் சேர்த்து, மொத்தமாக ஒரே ஓட்டில் நிறைவேற்றுவார்கள். உறுப்பினர் யாராவது ஒன்றைத் தனியே எடுக்கச் சொன்னால் அதை மட்டும் பிரித்து விவாதிப்பார்கள். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று 1953-ல் கலிபோர்னியாவில் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். பொதுமக்கள் பேசவும் வாய்ப்பு தர வேண்டும். ஆக, படிக்க வேண்டிய வேலை கூட்டத்துக்கு முன்பே நடக்கிறது. உண்மையில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு கதை!

சரி, பத்திரம்? ஓய்வுபெறும் தீயணைப்பு வீரர், நூலக வாரம், ஜெயித்த பள்ளி அணி என்று மேயர் வாசிக்கும் அந்த 'பிரகடன'த்துக்குப் பொதுவாகச் சட்ட பலம் கிடையாது. வரிக்கு வரி 'ஆதலால்' பாணியில் நீளும். அப்புறம் போட்டோ. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் காத்திருக்க வேண்டாம் என்றுதான் அதைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வைக்கிறார்கள். போட்டோ முடிந்ததும் பாதி அரங்கம் காலி.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த பில் பட்டியலைத்தான்.