ஆஃப்கன் ஹவுண்ட்: முடியை வெட்டலாம், கயிற்றை அவிழ்க்கலாமா?

கேள்வி: வெளிநாடு சென்ற உறவினர் விட்டுச்சென்ற இரண்டு வயது ஆண் ஆஃப்கன் ஹவுண்ட் நாயை வளர்க்கிறோம். பூங்காவில் அவிழ்த்துவிட்டால் எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. முடியும் சடைபிடிக்கிறது. கண்டித்துப் பழக்கலாமா? முடியை வெட்டிவிடலாமா?

பதில்: முடியைத் தாராளமாக வெட்டலாம். ஆனால், வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஆப்கானிஸ்தானின் மலைப்பகுதிகளில் கண்பார்வையைக் கொண்டே இரையைத் துரத்திய இனம் இது. வேட்டைக்காரரை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுத்து ஓடுவதுதான் அதன் வேலையாக இருந்தது. தூரத்தில் ஒரு பூனை அசைந்ததும் உங்கள் குரல் அதன் காதில் ஏறாமல் போவதற்கு அந்தப் பிறவிக்குணமே காரணம். அதட்டினால் மனம் சுருங்கி ஒதுங்கிவிடும், அடிக்கவே கூடாது. வீட்டுக்குள் தின்பண்டம் கொடுத்துக் கூப்பிட்டுப் பழக்குங்கள், பயன் உண்டு. சாலையோரத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை நம்பி அதன் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். ஆறடி உயர வேலிக்குள் நாள்தோறும் ஓடவிடுங்கள். தலை குறுகலானது என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். இழுக்கும்போது அளவாக இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையை வாங்குங்கள்.

குட்டிப்பருவ முடி போய்ப் பெரிய முடி வளரும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான் சிக்கு மிகவும் படுத்தும். காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் இடுக்கிலும், பட்டை உரசும் இடத்திலும் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்த முடியைச் சீவினால் அது அறுந்துபோகும். தண்ணீரில் கலந்த கண்டிஷனரைத் தெளித்து, முடிச்சை விரலால் பிரித்துவிட்டு, நுனியிலிருந்து வேர் நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். சாப்பிடும்போது காது முடி தட்டில் தோயாதபடி தலையில் ஒரு துணிக்குழாயை மாட்டிவிடலாம். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள்; தோல் தெரிய மழித்தால் வெயில் சுடும். முதுகில் சேணம் போட்டதுபோல் முடி குட்டையாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பானது, நோயன்று.

மருத்துவரிடம் இரண்டு செய்திகளை மறவாமல் சொல்லுங்கள். இவ்வகை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் தெளிய நெடுநேரமாகும், வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. தைராய்டு அளவும் மற்ற இனங்களைவிட இயல்பிலேயே குறைவாக இருக்கக்கூடும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டாம்.