பெட்டியில் 4கே, திரையில் மங்கல்

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். தீபாவளிக்கு 55 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கினோம். லயத்து வீட்டில் இருந்த 21 அங்குலக் குண்டுப் பெட்டியில் தெளிவாகத் தெரிந்த பழைய படங்கள், இதில் மங்கலாகத் தெரிகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரர் மீது குற்றமில்லை. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 4கே என்பது திரையின் கொள்ளளவே தவிர, அதற்கு வந்து சேரும் படத்தின் தரம் அன்று. 4கே திரையில் குறுக்காக 3840, நெடுக்காக 2160 என ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. முழு எச்டி எனப்படும் 1920க்கு 1080 படத்தில் சுமார் 21 இலட்சம். நம் மலேசியாவில் முன்பு வழங்கிய, பால் (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறையின் 625 கோடுகளில் 576 மட்டுமே படத்தைச் சுமந்தன. அதை டிஜிட்டலாக்கினால் 720க்கு 576, அதாவது நான்கு இலட்சத்துச் சொச்சம் புள்ளிகளே கிடைக்கும். ஆக, பழைய படத்தின் ஒரு புள்ளி உங்கள் திரையில் இருபது புள்ளிகளின் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. மீதிப் பத்தொன்பதையும் தொலைக்காட்சி அக்கம்பக்கம் பார்த்து ஊகித்துப் போடுகிறது. இதற்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றினால் வாளி நிரம்பும், ரப்பரின் அளவு கூடிவிடாது. போதாக்குறைக்கு, உங்கள் புதிய திரையின் பரப்பு பழையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. முன்பு கண்ணுக்குத் தப்பிய குறைகள் இப்போது தப்புவதில்லை.

புள்ளிக் கணக்கைவிட முக்கியமானதும், விற்பனைத் தாளில் அநேகமாகக் காணக் கிடைக்காததும் பிட்ரேட், அதாவது ஒரு விநாடிப் படத்துக்குச் செலவிடப்படும் தரவின் அளவு. அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு நிலைப்படத்தையும் முழுதாக அனுப்பினால் எந்த அலைவரிசையும் தாங்காது என்பதால், முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பிச் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவரின் உதடும் கண்ணிமையும்தான் அசைகின்றன. குறைந்த தரவே போதும். தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் மயிலிறகுக் காவடி சுழலும்போதோ, ஒவ்வொரு இறகும் கூட்டத்தின் ஒவ்வொரு தலையும் ஒரே நேரத்தில் இடம் மாறுகின்றன. தரவு போதாவிட்டால் இறகின் கண்கள் முதலில் கரையும், பிறகு சதுரம் சதுரமாக உடையும். அதே எச்டி, அதே திரை. ஆனால் ஒன்று தெளிவு, மற்றொன்று கஞ்சி.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடையில் கண்ணைப் பறிப்பதற்காகக் கூட்டிவைத்த ஷார்ப்னஸ் (படக் கூர்மை) அளவைக் குறையுங்கள். பழைய படங்களில் முகத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை விளிம்பு பெரும்பாலும் அதனால் வருவதுதான்.

கேள்வி: எங்கள் திருமண வீடியோ கேசட்டைப் பென்டிரைவில் மாற்றினோம். தாலி கட்டும்போது என் கணவரின் கை ஓரமெல்லாம் சீப்புப் பல்லைப் போல் இருக்கிறது. எல்லார் முகமும் அகன்றிருக்கிறது.

பதில்: அம்மா, இவை இரண்டு வெவ்வேறு பிழைகள். பால் (PAL) முறை விநாடிக்கு 50 அரைப்படங்களை அனுப்பியது: ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். இரண்டுக்கும் இடையிலான ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் கை நகர்ந்துவிட, அவற்றைச் சரியாக இணைக்காமல் ஒரே படமாக்கியதால் பல் முளைத்திருக்கிறது. 1080ஐ (1080i) என்பதில் வரும் ஐ, கோடுகளை இப்படிப் பிரித்து அனுப்பும் இன்டர்லேஸ் முறையைக் குறிக்கும். 1080பி (1080p) என்றால் கோடுகள் அனைத்தும் ஒருசேர அமைந்த முழுப்படம். அரைப்படங்களைச் சரியாக இணைத்து, அதாவது டீஇன்டர்லேஸ் செய்து தரும்படி மாற்றிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். அதுவரை மூலக் கேசட்டை எறிந்துவிடாதீர்கள். என் தங்கையின் திருமணக் கேசட்டை நாங்கள் அவசரப்பட்டு எறிந்தோம், பல்லோடுதான் இன்றும் பார்க்கிறோம்.

முகம் அகன்றதற்குக் காரணம், 4:3 விகிதப் படத்தை 16:9 திரைக்கு இழுத்ததுதான். மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். ரிமோட்டில் 4:3 என்று மாற்றினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், மாப்பிள்ளையும் இளைத்துவிடுவார்.

கேள்வி: மழை வந்தால் படம் உறைந்து நின்றுவிடுகிறது. பழைய ஏரியலில் இப்படி நடந்ததில்லையே?

பதில்: 2019இல் நிறுத்தப்பட்ட அனலாக் ஒளிபரப்பில் அலை வலுக் குறைந்தால் திரையில் எறும்பு ஓடும், ஆனாலும் படம் தெரியும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை பிழைகள் திருத்தப்படுவதால் குறையே தெரியாது. அதைத் தாண்டியதும் படம் ஒரேயடியாக நின்றுவிடும். செயற்கைக்கோள் தட்டுக்கு வரும் உயர் அதிர்வெண் அலைகளை அடைமழை உறிஞ்சிவிடுகிறது. மைஃப்ரீவியூ எனும் இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு தரையிலுள்ள கோபுரத்திலிருந்து அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் வருவதால், மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வெயில் நாளிலும் படம் உறைந்தால், தட்டின் கம்பி இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.