சின்னப் பிள்ளைகளுக்கு இரக்க குணம் வர வீட்டில் என்ன செய்யலாம்?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இரக்கமும் நாலு பேரோடு பழகும் குணமும் வளர, குடும்பமாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: சக்கை வெட்டுங்கள்.

கிண்டல் இல்லை. எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். பலாப்பழத்தைச் சக்கை என்றுதான் சொல்வோம். ஒரு முழுச் சக்கையை ஒரு வீட்டால் தின்று தீர்க்க முடியாது, வெட்டினால் அக்கம்பக்கத்துக்குப் போயே ஆக வேண்டும். பெரியவர்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவோம். சுளையிலிருந்து கொட்டை எடுப்பது பிள்ளைகள் பாடு. அப்புறம் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "மக்களே, மாமி வீட்டுல குடுத்துட்டு வா" என்று அனுப்புவோம். போய்ச் சேருவதற்குள் ரெண்டு சுளை குறையும். குறையட்டும்.

பங்கு பிரிப்பதுதான் இதில் பெரிய பாடம். பக்கத்து வீட்டுப் பாட்டாவுக்குப் பல் கிடையாது. சக்கையில் சுளை கெட்டியாக இருக்கும் வகையான வருக்கையை அவரால் கடிக்க முடியாது, குழைந்துபோகிற வகையான கூழன்தான் சரிப்படும். இரண்டும் வெட்டுகிற நாளில் என் மகள் கேட்காமலே கூழன் சுளையை அவருக்கென்று ஒதுக்கிவிடுகிறாள். நாலு வயதில் இன்னொருவர் வாய்க்கு எது ஆகும் என்று யோசிக்கிறாள். உட்கார வைத்து உபதேசம் பண்ணினால் இது வருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

உதவுகிற ஆசை பிள்ளைகளிடம் முன்பே இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும்போது க்ளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவிப்பதுபோல் நடித்தார்கள். 18 மாதக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தன. அவர்களே 2008இல் கண்டது இன்னும் முக்கியம்: உதவியதற்குப் பொருள் வாங்கிப் பழகிய 20 மாதக் குழந்தைகள், அது நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. ஆகவே "கொண்டு குடுத்தா சாக்லேட்" என்ற பேரம் வேண்டாம்.

தன் படுக்கையைத் தானே மடிப்பதும் நல்லதுதான். ஆனால் 1996இல் ஜோன் க்ரூசெக் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் பார்த்தபோது, அடுத்தவர் மேல் அக்கறையோடு சேர்ந்து காணப்பட்டது வீட்டாருக்காக வழக்கமாகச் செய்யும் வேலைதான்.

இன்னொன்று. எங்கள் பக்கம் கிண்ணம் தூக்கும் வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே போகும். பையன் திண்ணையில் மொபைலோடு இருப்பான். அப்புறம் "பொம்பளப் பிள்ளைக்குத்தான் பாசம்" என்று பேச்சு வேறு! அவன் கையிலும் கொடுங்கள்.

சக்கைக் காலம் போனால் கிறிஸ்துமஸ், தீபாவளிப் பலகாரம். எங்கள் தெருவில் இரண்டு பண்டிகைக்கும் முந்திரிக்கொத்து வீடு மாறிப் போகும்.

கூச்சப்படுகிற பிள்ளையைத் தனியே தள்ளிவிடாதீர்கள். முதலில் கூடப் போங்கள், பேச்சை நீங்கள் பேசுங்கள், கிண்ணத்தை மட்டும் பிள்ளை நீட்டட்டும்.