பார்சல் கிடங்கில் ஒரு செமஸ்டர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பி.எஸ்சி. வேளாண்மை கடைசி வருட மாணவி. 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எங்கள் கல்லூரியின் எக்ஸ்சேஞ்ச் புரோகிராமில் ஜெர்மனியின் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்காக மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஆனது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது, மாமா கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில் பாதியையாவது தொடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று, விமான நிலையத்தை ஒட்டிய ஒரு பார்சல் கிடங்கில் வாரம் நான்கு இரவு வேலை பார்த்தேன். மற்ற நாட்களில் 58 யூரோ மாதச் சீட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போனேன்.

என் அப்பா அரிசி மண்டியில் சுமை தூக்குகிறவர். வேலையைப் பற்றி போனில் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "நான் தூக்குனதே நீ தூக்கக் கூடாதுன்னுதானம்மா" என்றார். சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். ஊர் திரும்பியதும் கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கிடங்கைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். துறைத் தலைவர் அந்தப் பக்கங்களை அடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தையும் பெர்லினையும் பற்றி எழுதி வரச் சொல்லிவிட்டார். அடுத்த பேட்ச் மாணவர்களின் பெற்றோர் பயந்துவிடுவார்களாம். நைட் ஷிஃப்ட்டால் ஒரு பாடத்தில் பரீட்சை எழுதாமல் விட்டேன் என்பதும் உண்மை. நான் அங்கே மாணவியாக இருந்தேனா, கூலியாக இருந்தேனா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. கட்டுரையை மாற்றிக் கொடுத்துவிடலாமா? முழுக் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை, அடிக்கப்பட்ட பக்கங்களை மட்டும். மாற்றிக் கொடுக்காதீர்கள். ஆண்டு மலரில் இடமில்லை என்றால் வேறு எங்காவது வரட்டும். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அப்பாவைப் பற்றி மட்டும் கடைசியில்.

ஹாலேக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். மூன்று நாள். ஃபிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பார்க்கத்தான் போனேன். 1698-இல் அநாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டத் தொடங்கிய பெரிய கட்டடம், அதன் உச்சி மாடியில் உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்த பொருட்கள் நிறைந்த அறை. பிறகு சந்தைச் சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள், இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த வீடு. இரவில் என் அறை ஜன்னல் வழியாக விமானங்கள் தாழ்வாகப் போகிற சத்தம் கேட்டது. எரிச்சலோடு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். அந்த விமானங்களிலிருந்து இறங்கிய பெட்டிகளை யார் தூக்குகிறார்கள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்தபோது அந்த மூன்று இரவுகளும் நினைவுக்கு வந்தன. நான் பார்த்த ஹாலே, சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஹாலே.

நீங்கள் எழுதியிருப்பதை இங்கே கொஞ்சம் எடுத்துச் சொல்கிறேன், வாசகர்களுக்காக. நள்ளிரவை ஒட்டி விமானங்கள் வரிசையாக இறங்கும். பெட்டிகளைப் பிரித்து, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, ஊர்வாரியாகப் பிரித்து, விடிவதற்குள் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் நிற்க முடியாது. விலாசம் மேலே தெரியும்படி பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். ஜூன் மாதம் ஷிஃப்ட் முடிந்து நாலரை மணிக்கு வெளியே வந்தால் ஏற்கெனவே வெளிச்சம் பரவியிருக்கும், புல்வெளியில் வானம்பாடி கத்திக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் உங்களுக்குத் தூக்கம் வராது, பசிதான் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெர்லினைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு பக்கங்களில் இப்படி ஒரு வரி இல்லை. பிராண்டன்பர்க் வாசலைப் பற்றி எல்லோரும் எழுதுவதையே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களோடு பெல்ட்டில் நின்ற வியட்நாம் அம்மா பற்றிய பக்கங்கள்தான் கட்டுரையின் உயிர். 1987-இல், இருபது வயதில், நெசவாலை வேலைக்காகக் கிழக்கு ஜெர்மனிக்கு வந்தவர் என்று எழுதிவிட்டுச் சட்டென்று தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

ஆட்களை வேலைக்கு வரவழைக்கக் கிழக்கு ஜெர்மனி மொசாம்பிக்குடன் 1979-இலும் வியட்நாமுடன் 1980-இலும் ஒப்பந்தம் போட்டது. சோஷலிச நாடுகளின் சகோதரத்துவம், தொழில் பயிற்சி என்றெல்லாம் அதற்குப் பெயர் சொன்னார்கள். நடைமுறையில் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பெர்லின் சுவர் விழுந்த 1989-இல் ஏறத்தாழ 60,000 வியட்நாமியர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தார்கள். விடுதியில் ஒருவருக்கு 5 சதுர மீட்டர் இடம். கருவுற்ற பெண் கருவைக் கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். 1989 தொடக்கம் வரை இதுதான் விதி. மொசாம்பிக் தொழிலாளர்களின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, ஊர் போனால் கிடைக்கும் என்றார்கள். பலருக்கு அது ஒழுங்காக வந்து சேரவேயில்லை, பல வருடங்கள் தலைநகர் மபூட்டோ தெருக்களில் ஊர்வலம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்ததும் ஆலைகள் மூடப்பட்டன. 3,000 மார்க்கும் விமான டிக்கெட்டும் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னார்கள். போகாமல் நின்றவர்கள் பூக்கடை வைத்தார்கள், காய்கறி விற்றார்கள், தங்கும் உரிமைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். உங்களுக்குப் பெட்டியை எப்படித் தூக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த அந்த அம்மா அப்படி நின்றவர்களில் ஒருவர்.

அவரும் ஒரு ‘திட்டத்தில்’ வந்தவர்தான், நீங்களும் ஒரு திட்டத்தில் போனவர். ஆனால் உங்களிடம் திரும்பி வரும் டிக்கெட்டும் மாணவர் அட்டையும் இருந்தன, இந்த வேலை ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்ற நிச்சயமும் இருந்தது. மாணவியா கூலியா என்று கேட்கிறீர்கள். இரண்டும்தான் என்பது என் பதில். ஆனால் அந்த அம்மாவைப் போல வேறு வழியில்லாமல் நின்ற கூலி இல்லை நீங்கள். இந்த வித்தியாசத்தை உங்கள் கட்டுரை மறக்கக் கூடாது. ஒன்றிரண்டு இடங்களில் மறந்திருக்கிறது. "நாங்கள் எல்லோரும் ஒன்று" என்று ஒரு வரி வருகிறதே, அதை மட்டும் நீங்களே அடித்துவிடுங்கள்.

நமக்கும் ஹாலேக்கும் உள்ள பழைய உறவிலும் இதே கதை உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். வந்தபோது அவருக்கு உங்களைவிட மூன்று வயதுதான் கூடுதல் இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். இது நமக்குத் தெரிந்த பாதி. அவர் 1714-இல் கப்பலேறி ஐரோப்பா போனபோது கூடவே ஒரு தமிழ் இளைஞரும் போனார். மலையப்பன் என்று பெயர். கப்பலிலும் ஹாலேயிலும் தமிழில் துணை நின்றவர் அவர். 1716-இல் ஹாலேயில் அச்சான லத்தீன் மொழித் தமிழ் இலக்கண நூலின் முகப்பில் சீகன்பால்க் பெயர் இருக்கிறது. மலையப்பன் பெயரை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடல் தாண்டிப் போய் அந்த ஊரில் வேலை செய்த பையன் அந்தக் குளிரைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, தன்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பற்றி தன் கையால் நாலு பக்கம் எழுதி வைத்து அது நமக்குக் கிடைத்திருந்தால், இந்த மூன்று நூற்றாண்டுகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்!

அதனால்தான் எக்ஸ்சேஞ்ச், அதாவது பரிமாற்றம் என்ற சொல்லை நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்கிறேன். வாங்கிக்கொண்டு வந்ததை மட்டும் எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் அந்த ஊருக்குக் கொடுத்ததும் உண்டு. ஆறு மாதம் அந்த ஊரின் மருந்துப் பெட்டிகளும் இயந்திர உதிரிகளும் பிறந்தநாள் பரிசுகளும் உங்கள் கை வழியாகப் போயிருக்கின்றன. அதை அடித்துவிட்டால் கட்டுரையில் மிஞ்சுவது சுற்றுலா.

துறைத் தலைவரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பெற்றோர் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது தகவல்தான். வெளிநாட்டு மாணவர் அங்கே வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச் முதல் இதுதான் சட்டம். நான்கு மணி நேரம் வரை அரை நாள் கணக்கு. 2025-இல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. ராத்திரி ரயில் எத்தனை மணிக்கு, ஷூ யார் வாங்கித் தருவார்கள், முதுகு வலித்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் போகிற பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இதை மறைத்தால் அவளும் நகையை அடகு வைத்துவிட்டுப் போய், யாரிடமும் கேட்க முடியாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் அதே கிடங்கில்தான் நிற்பாள்.

அதே நேர்மையோடு, எழுதாமல் விட்ட பரீட்சையையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். அது நஷ்டம்தான். ஹாலேயில் 1878-இல் வேளாண் அறிஞர் ஜூலியஸ் கூன் தொடங்கிய ரை என்ற தானிய வயல் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அதே மண்ணில் ரை விதைக்கிறார்கள், ஒரு பாத்திக்கு இத்தனை வருடங்களாக உரமே போட்டதில்லை. வேளாண்மை படிக்கிறவர்களுக்கு அது கோயில் மாதிரி. அங்கே வகுப்போடு போக வேண்டிய காலையில் நீங்கள் அறையில் தூங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்கு வயிற்றில் பிசைந்தது. வாரம் நான்கு இரவு அதிகம், இரண்டு இரவு போதுமாக இருந்திருக்கும். அடகு நகை ஒரு வருடம் கழித்து மீளட்டுமே. இதை நான் சுலபமாகச் சொல்லிவிடலாம், வட்டி கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வருடத்தின் நீளம் தெரியும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

ரயில் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. வேக ரயிலில் ஏற அனுமதிக்காத அந்தச் சீட்டோடு, ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் வண்டிகளில் மூன்று முறை மாறி, டிரெஸ்டனுக்கு அப்பால் புல்ஸ்னிட்ஸ் வரை போயிருக்கிறீர்கள். சீகன்பால்க் பிறந்த ஊர் என்று தெரியாமலே, மிளகு கேக் என்ற பெயரைப் பார்த்துவிட்டு! 1558 முதல் அந்த ஊரில் சுடுகிறார்கள். அந்தக் காலத்து ஜெர்மனில் தூரதேசத்து வாசனைச் சரக்கு எல்லாவற்றுக்குமே மிளகு என்றுதான் பெயர். ஆகவே மிளகைத் தேடி ஏமாந்தேன் என்று வருத்தப்பட வேண்டாம். பட்டையும் கிராம்பும் இருந்திருக்குமே. அதுவும் நம் பக்கத்துக் கடல் வழியாகப் போனதுதான்.

இனி அப்பா. அவர் சொன்ன வாக்கியத்துக்கு எதிராக நான் எதுவும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை. உழைப்பின் பெருமை பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நீங்களும் எடுக்காதீர்கள். தன் தோள் தன்னோடு முடியட்டும் என்று ஒரு மனிதர் முப்பது வருடம் நினைத்துக்கொண்டே தூக்கியிருக்கிறார். அதில் ஆறு மாதம் மகளிடம் போய்விட்டது என்ற வலி அது. கட்டுரை அச்சாவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அடிக்கப்பட்ட பக்கங்களைத்தான். அவர் வேண்டாம் என்றால் சில காலம் பொறுத்திருங்கள். துறைத் தலைவர் சொல்லுக்கு நான் கொடுக்காத மதிப்பை இதற்குக் கொடுக்கிறேன்.

படித்துக் காட்டும்போது, பெட்டியை இடுப்பால் தூக்காதே, முழங்காலை மடக்கி உடம்போடு சேர்த்துத் தூக்கு என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அங்கே சாதாரண பார்சல் 31.5 கிலோவுக்கு மேல் போகாது. மண்டியில் 75 கிலோ மூட்டை இருந்த காலத்தை உங்கள் அப்பா பார்த்திருப்பார். அவர் எப்படித் தூக்கினார், முதல் மூட்டையை யார் தோளில் ஏற்றிவிட்டார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேளுங்கள். அவர் சொன்னால், கட்டுரையில் சேர்க்க இரண்டு பக்கம் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிருக்கிறது. விடிகாலை இடைவேளையில் அந்த அம்மாவுக்கு உங்கள் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரை கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஊரில் மீன் சூப்புக்குப் புளி ஊற்றுவார்கள், வாசனையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுதவில்லையே?

அன்புடன்.