செலினாவின் பாட்டு 1995 ஹாட் 100 பட்டியலில் ஏன் இல்லை?

பட்டியலை நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அமெரிக்கப் பாடகி செலினா கின்டானிலாவின் ‘ஐ குட் ஃபால் இன் லவ்’ அந்த ஆண்டு அமெரிக்காவின் முன்னணிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100-இல் இடம்பெறவே இல்லை. அமெரிக்காவில் அதை வானொலிக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். சிங்கிளாக, அதாவது ஒரு பாட்டுக்கான தனி வெளியீடாகக் கடைக்கு வரவில்லை. கடையில் விற்காத பாட்டை ஹாட் 100-இல் சேர்ப்பதில்லை என்ற விதி 1998 டிசம்பரில்தான் மாறியது. எவ்வளவு அருமையான பாட்டு, வெறும் விதியால் விடுபட்டுப்போனது!

நீங்கள் தேட வேண்டியது வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கிடும் ஹாட் 100 ஏர்ப்ளே பட்டியல். அதில் 8-ஆம் இடம் வரை ஏறியது. லத்தீன் பாடல்களுக்கான ஹாட் லத்தீன் டிராக்ஸ் பட்டியலில் 2-ஆம் இடம். இந்தப் பாட்டு உள்ள ‘டிரீமிங் ஆஃப் யூ’ ஆல்பத்தின் இன்னொரு பாட்டான ‘தூ சோலோ தூ’ அங்கே முதலிடம் பிடித்தது.

‘அமெரிக்க ஒரிஜினல் சிங்கிள்’ என்று ஒருவர் விற்கும் சிடியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் அது வானொலி நிலையத்துக்குப் போன விளம்பரப் பிரதியாக இருக்கும். பின்னட்டையையும் வட்டின் முகத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பார்கோடு இல்லாததும் ஓர் அறிகுறி, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

பாட்டுதான் வேண்டுமென்றால் 1995 ஜூலையில் வந்த ‘டிரீமிங் ஆஃப் யூ’ ஆல்பத்தை வாங்குங்கள்.